இஸ்பேட்டுக் காடு

குகைச் சுவரில் மனிதன் எருமை வரைந்த நாளுக்குப் பிறகு, ஓவியத்தில் அடுத்த முன்னேற்றம் 1984 பிப்ரவரியில், பின்லாந்தின் காயானியில், எங்கள் கல்லூரிக் கணினிச் சங்க அறையில்தான் நிகழ்ந்தது. இதை அறிவித்தவன் அதை நிகழ்த்தியவனே: சங்கத் தலைவன் இல்போ. கமடோர் 64 கணினியில், பேசிக் நிரல்மொழியில், புள்ளி புள்ளியாகப் படம் வரைந்தான்.

வியாழக்கிழமை வனக் கல்லூரியுடன் பனிச்சறுக்குத் தொடரோட்டம். காட்டுக்குள் யார் முந்துகிறார்கள் என்று உணவுக்கூடத் தொலைக்காட்சியில் எங்கள் கணினி காட்ட வேண்டும். சொதப்பினால் அறை சேர்ந்திசைக் குழுவுக்கு என்று முதல்வர் சொல்லிவிட்டார். குழுவினர் திரைச்சீலைக்குச் சன்னலை அளந்துகொண்டு போனார்கள்.

எங்கள் சங்கத்துத் தூலிக்கி தனியாக வேறொரு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். விசைகளின் முன்புறம் அச்சிட்டிருக்கும் இஸ்பேட்டு, கிளாவர், பட்டை போன்ற சின்னச் சின்னக் குறிகள் மட்டுமே அவள் சரக்கு. இல்போ எட்டிப் பார்த்தான்.

"சீட்டுக்கட்ட வெச்சு காடு வளக்குறியா? அதெல்லாம் ரம்மி ஆடக் குடுத்த குறி, தாயே."

"இஸ்பேட்ட உத்துப் பாரு. ஊசியிலை மரம் மாதிரியே இல்ல?"

"சரி, சறுக்குற உன் ஆளு திரையில கட்டத்துக்குக் கட்டம் தாவுவானே. தவளைக்கா போட்டி வெக்கிறோம்?"

"தாவ மாட்டான். பாரு."

ஓர் எழுத்து அளவுக் கட்டத்தை இடப்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும் பட்டைகள் விசைப்பலகையில் உண்டு; ஆனால் பாதி வரைதான். மீதிக்கு, வலப்பக்கப் பட்டைகளை எடுத்துக் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கினாள். வீரனைக் காட்டும் கோடு மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. இல்போ கொட்டாவி விட்டான்.

போட்டியன்று தலைவர் என்ற முறையில் இல்போவின் நிரலே முதலில் ஓடியது. முதல் சுற்று வீரர் காட்டைச் சுற்றி வந்து, பட்டாணி சூப் குடித்து, பான்கேக் வரிசையில் நின்றார். திரையில் அப்போதுதான் முதல் மேட்டின் இடது ஓரம் முளைத்திருந்தது. சேர்ந்திசைக் குழு மெல்ல முனகத் தொடங்கியது. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்போ, எந்திரி," என்றாள் தூலிக்கி.

வட்டைச் செருகினாள். காடு வந்தது. யார் எங்கே வருகிறார்கள் என்று காட்டிலிருந்து எங்கள் ஆட்கள் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அணிக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் இஸ்பேட்டுகளுக்கு நடுவே ஊர்ந்தன. உணவுக்கூடமே மேசைகளில் ஏறி நின்று கத்தியது.

போட்டியில் தோற்றோம். ஆனால் தன் தோல்வியை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த கல்லூரி வேறு இருக்க முடியாது. முதல்வர், "ரூம் உங்களுக்கேதான்பா," என்றார். வனக் கல்லூரி அணித் தலைவன் திரைக்கு அருகே போய்க் கண்ணைச் சுருக்கினான்.

"மரத்த ரொம்ப நெருக்கி நட்டிருக்கீங்க. ஒரு பிர்ச் மரம்கூட இல்ல. ஆனா காடுதான்டா இது."

அவர்கள் வாயிலிருந்து இது வந்தால் பதக்கம். தூலிக்கி காது வரை சிவந்தாள்.

மறுநாள் மதியம் அறைக்குப் போனேன். இல்போ மட்டும் இருந்தான்.

"புள்ளி ஓவியத்த வேகப்படுத்திட்டிருக்கேன்," என்றான், திரும்பாமலே.

திரையில் தூலிக்கியின் காடு. இரண்டு இஸ்பேட்டுகளை அழித்து, அந்த இடத்தில் பிர்ச்சுக்கு ஒரு கிளாவரை நட்டான். சாய்ந்து பார்த்தான். பிடிக்கவில்லை போலும், அதைப் பிடுங்கி ஒரு கட்டம் தள்ளி நட்டான்.