எல்லாருக்கும் பாதி

காஜா பேராங் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு கிணறு. மெர்டேகா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியதும் ஏகாம்பரம் கூட்டம் கூட்டினார். கிணறு அந்தக் கதிக்கு வந்ததே அவருடைய சோடாப் பட்டறையால்தான். புட்டி கழுவ அவர் ஆட்கள் நாள் முழுக்க இறைப்பார்கள். அதை யாராவது சொன்னார்களா? மூச்சு விடவில்லை. அநேகமாக வீட்டுக்கு ஒருவர் அவரிடம் வேலை பார்த்தார்.

"மெர்டேகா வந்தா நம்மள நாமதான் ஆளணும். இப்பவே பழகிக்குவோம் லா. எடுக்கிறதுல ஆளுக்குப் பாதி. எனக்கும் அதே சட்டம்தான்" என்றார் ஏகாம்பரம்.

கோகிலா மட்டும் எழுந்தாள். கணவன் தம்பின் ஊர்ப்பக்கம் மர லோரி ஓட்டப் போயிருந்தான்.

"எங்க வீட்டுக்கு நாளுக்கு ரெண்டு டின் தண்ணிதான் அண்ணே. பாதின்னா ஒண்ணு. உங்களுக்குப் பாதின்னாலும் இருபது வருமே?"

"அப்ப இருபது டின்ன விட்டுக்கொடுக்கிறது யாரு தங்கச்சி? நீ விடுறது ஒண்ணே ஒண்ணு!"

கூட்டம் தலையாட்டியது. வெற்றிலையில் சூடம் கொளுத்தி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். சூடம் அடித்த சத்தியத்தை மீறினால் பெற்ற பிள்ளையைத்தான் பிடிக்கும். கோகிலாவும் அடித்தாள்.

அடுத்த வாரம் அவள் மகள் விஜயாவுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கொதிக்க வைத்த தண்ணீரை விடாமல் புகட்டச் சொன்னார்கள், துணிகளை அலசச் சொன்னார்கள். ஒரு டின்னில் எதைச் செய்வாள்? தான் குடிப்பதை நிறுத்தினாள். அலசாத துணியில் ஈ மொய்த்தது.

பக்கத்து வீட்டுச் சந்திரமதி தன் ஐந்து பிள்ளைகளின் பங்கிலிருந்து ஒரு செம்பு கொடுத்தாள்.

"மத்தியானம் கிணத்தடியில யாரும் இல்ல. ஒரு டின் இறைச்சுக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"சூடம் அடிச்சிருக்கேன் அக்கா. எம்பிள்ளைக்கில்ல வந்து சேரும்!"

பட்டறைக்குப் போய்க் கேட்டாள். புட்டிகள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கொடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. சட்டம்னா சட்டம்தான் தங்கச்சி" என்றார் ஏகாம்பரம். அவர் பொல்லாதவர் இல்லை. இதைச் சொல்லும் எனக்கு அதுதான் ஆத்திரம்.

மறுநாள் காலை பிள்ளை அழுவதை நிறுத்தியது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது.

குளிப்பாட்ட ஏகாம்பரமே நான்கு டின் தண்ணீரோடு வந்தார், கண் கலங்கி. அவருடைய பங்கிலிருந்துதான். அந்த வரிசையில் ஒருவர்கூடச் சத்தியத்தை மீறவில்லை.

"இந்தத் தண்ணி நேத்து எங்க இருந்துச்சு அண்ணே?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோகிலா டின்னுக்குள் கையை விட்டு அள்ளி, பிள்ளையின் உதட்டில் வைத்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து பாயை நனைத்தது. சந்திரமதி அவள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு மறுபடியும் அள்ளினாள்.