ஒரு வாய் ஆற்றுத் தண்ணீர்

இரண்டாவது கரண்டித் தண்ணீரையும் சுப்பண்ணன் துப்பிவிட்டார்.

"கரிக்குது கண்ணு." குரல் உள்ளே போயிருந்தது. "ஆத்துத் தண்ணி குடு."

"ஆத்துத் தண்ணிதானுங்க மாமா." இந்துமதி மாமனாரின் தாடையை முந்தானையால் துடைத்தாள். சமையலறைக் குழாயில் இப்போதுதான் பிடித்து வந்தாள். அதில் ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வராது.

"அவருக்கு நாக்குப் போயிருச்சு இந்து. டாக்டர் சொன்னாப்லல்ல? சும்மா ஊத்து." வேல்குமார் அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். பயந்தால் அவனுக்கு அதட்டல்தான் வரும்.

மூன்றாவது கரண்டிக்குக் கிழவர் வாயை இறுக்கிக்கொண்டார். கண் மட்டும் அவளை விடவில்லை. படுத்த நாளிலிருந்து எதையும் கேட்காத மனிதர், போகிற நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார். அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கரண்டியில் இருந்ததைத் தன் வாயில் விட்டுக்கொண்டாள்.

சுத்த உப்பு. போர்வெல் தண்ணீர்.

"ஏனுங்க, நெசமாவே கரிக்குதுங்க!"

"உனக்குமா?" என்றான் அவன். அவள் நிற்கவில்லை.

நேற்றுத்தான் பிளம்பர் பிரபாகர் குளியலறைச் சுவரை உடைத்து மிக்சர் ஷவர் மாட்டிவிட்டுப் போயிருந்தான். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பதமான சூட்டில் குளிப்பாட்டலாம் என்று அவள் அடம்பிடித்து வாங்கியது. உப்புத் தண்ணீர் விட்டால் கீசர் கெட்டுவிடும் என்று சுடுதண்ணீர்ப் பக்கம் ஆற்றுத் தண்ணீர். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் போர்.

"நடுவுல ஒரு வால்வு போடோணுங்க அக்கா, நாளைக்குக் கொண்டாறேன். அதுவரைக்கும் ஷவர் தலையில இருக்கற பட்டனை மட்டும் அமத்தி நிறுத்தீட்டு உட்ராதீங்க, சுவத்துல இருக்கற லீவரையும் மூடீருங்க. இல்லீன்னா போர்த் தண்ணி ஆத்துத் தண்ணி பைப்புல ஏறிக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

காலையில் குளிக்கும்போதுதான் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. பட்டனை அமுக்கி ஷவரை நிறுத்திவிட்டு இருவருமாகத் தூக்கி வந்தார்கள். லீவர் யாருக்கு நினைவிருந்தது?

குளியலறையில் திறந்தே கிடந்த லீவரை அடித்து மூடினாள். சமையலறைக்கு ஓடிக் குழாயை முழுக்கத் திறந்தாள். கையில் ஏந்திக் குடித்தாள். கரித்தது. பைப்பில் நிற்கும் உப்பெல்லாம் வடிய வேண்டும். மறுபடி ஏந்தினாள். கரித்தது. "வந்து தொலையேன்" என்று குழாயைத் திட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த கையில் உப்பு குறைந்திருந்தது. அதற்கடுத்த கை இனித்தது.

டம்ளர் பாதி நிறைந்தபோது உள்ளேயிருந்து "அப்பா!" என்று வேல்குமாரின் குரல் வந்தது.

அவள் டம்ளரை முழுக்கப் பிடித்தாள். குழாயை மூடினாள். சிந்தாமல் எடுத்துப் போனாள்.

வேல்குமார் கட்டிலில் முகம் புதைத்து அழுதான். இருமல் வந்ததும் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். பிறகு டம்ளருக்குள் பார்த்தான்.

"நல்லாத்தான இருக்குது இந்து. நாந்தான் சொன்னனே, அவருக்கு நாக்குப் போயிருச்சுன்னு."

இந்துமதி டம்ளரைத் திரும்ப வாங்கி, மிச்சத் தண்ணீரில் விரலை நனைத்து, மாமாவின் உதட்டோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததைத் துடைத்தாள்.