இடப்பக்க வெளிச்சம்

ராஜப்பன் சார் என் நோட்டை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சவரி, இது சுருக்கெழுத்தா, கோழி கிளறுனதா?"

பாப்பாரப்பட்டி கடைத்தெருவில், உரக்கடை மாடியில் நடக்கும் மாலை வகுப்பு எங்களுடையது. தமிழ்ச் சுருக்கெழுத்தில் மெல்லிய கோடு ஒரு எழுத்து. அதையே அழுத்திப் போட்டால் வேறு எழுத்து. வகுப்பில் நான் எழுதியதைச் சார் படித்துவிடுவார். வீட்டில் எழுதிக்கொண்டு போனால் எல்லாக் கோடுகளும் அழுத்தமாகவே இருக்கும். கை நிழல் விழும் இடத்தில் மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று அழுத்துவேன்.

"வீட்டுல எழுதினத நான் தடங்கலில்லாம படிக்கணும். படிச்சா பரீட்சைக்கு அனுப்பறேன். இல்லன்னா அடுத்த வருசம்" என்றார்.

அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. இந்தத் தடவை பரீட்சைக்குப் போகாவிட்டால் வகுப்பை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கிவிட வேண்டும் என்று அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார்.

சைக்கிளில் திரும்பும்போது பச்சியப்பன், "எடது பக்கம் வெளக்கு வெச்சுக்கடா. நெழலு அந்தப் பக்கம் போயிரும்" என்றான். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளின் மகன் அவன், அதே வகுப்புக்கு வருபவன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். சைக்கிள் அவனுடையது, மிதிப்பது நான்.

அரிக்கேனை இடப்பக்கம் வைத்துப் பார்த்தேன். நிழல் போனது, பூச்சிகள் வந்தன. அதற்குள் மாட்டுக்கொட்டாய்க்கு வேண்டுமென்று அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சிம்னி விளக்கை வைத்தேன். முன்மயிர் பொசுங்கியது.

மிச்சம் இருந்தது கரண்டு பல்பு. எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பல்புதான். அதைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மேலேதான் போட வேண்டுமென்று, வயர்மேன் மாதுவிடம் அம்மா பிடிவாதமாகச் சொல்லிப் போட்டிருந்தாள். படத்துக்கு எதிரே, சற்று வலப்புறம் தள்ளி, ஒரு மரப்பெட்டியைப் போட்டேன். சம்மணமிட்டு உட்கார்ந்தால் பெட்டி மார்புக்கு வந்தது. முழந்தாளிட்டால் கச்சிதமாக இருந்தது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து இறங்கியது. மெல்லிய கோடு மெல்லியதாகவே தெரிந்தது. இவ்வளவு எளிதாக ஒரு காரியம் எனக்கு முடிந்ததில்லை என்பதால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தினமும் சாயங்காலம் வகுப்பிலிருந்து வந்ததும் அங்கே முழந்தாளிட்டு, தலை குனிந்து, எழுதும் ஒலிகளை முணுமுணுத்தபடி பயிற்சி செய்தேன். பின்னாலிருந்து பார்த்தால் என் முதுகுதான் தெரியும், நோட்டு தெரியாது.

சில நாளில் என் சோற்றின் மேல் முட்டை வந்தது. கேட்காமலே வந்தது. அப்பா என்னை எரு சுமக்கக் கூப்பிடவில்லை. குள்ளம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"என்னாங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல சாமி. எங்க செவலை கன்னு போடற மாதிரி இருக்குது. நீ வேண்டிக்கிறப்ப அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லு."

சாமியா? அம்மாவிடம் ஓடினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ வாயத் தொறந்து சொல்லாட்டியும் பெத்தவளுக்குத் தெரியாதா? தெனமும் முட்டி போட்டு வேண்டிக்கிறயே. உனக்கு அழைத்தல் வந்திருச்சிடா. ஆண்டவரே உன்னச் சாமியாராகக் கூப்பிடறாரு. குருமடத்துல சேர்க்கறதப் பத்திப் பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் சந்தேகம் வந்தது. நிஜமாகவே அழைத்தல் வந்திருந்தால்? வந்திருந்தால் எனக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்? ஆனால் எனக்கு எதுதான் முதலில் தெரிந்திருக்கிறது?

மறுநாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் வீடு முழுக்கச் சிவப்பாக இருந்தது. "மவனுக்கு அழைத்தல் வந்தா ஆண்டவருக்குச் செவப்பு பல்பு போடறேன்னு வேண்டியிருந்தேன்" என்றாள் அம்மா. மிளகாய்ப்பழம் அளவு பல்பு. அதன் வெளிச்சத்தில் பல்பு மட்டும்தான் தெரிந்தது. போதாததற்குக் குள்ளம்மாளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் செபமாலை சொல்ல வந்து என்னைச் சுற்றி முழந்தாளிட்டிருந்தார்கள். அன்று நான் போட்ட கோடுகளில் பாதி பெட்டியின் மேல் இருந்தன.

ராஜப்பன் சார் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "வர்ற திங்கக்கெழம கடைசி" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் பங்குச் சாமியார் வந்தார். தெருவே வாசலில் நின்றது.

"சவரி, குருவானவர் ஆகணும்னு ஆசையா?"

அம்மாவைப் பார்த்தேன். ஆமென்றால் பரீட்சை போச்சு. இல்லையென்றால் அம்மாவின் முகம் போச்சு.

"எனக்குச் சரியாத் தெரியலைங்க சாமி. நெழலு விழாம இருக்கணும்னு ஆசைங்க."

"நெழலா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கை, கோடு, அரிக்கேன், பூச்சி, பொசுங்கின முடி. அவர் நம்பாமல் அங்கியைச் சுருட்டிக்கொண்டு, பெட்டியின் முன் தானே முழந்தாளிட்டுப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். குனிந்து தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

"லூர்தம்மா, உம் மகனக் கூப்பிட்டது ஆண்டவர் இல்ல. நீ கழட்டி வெச்சியே, அந்தப் பழைய பல்பு."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, புடவைத் தலைப்பைச் சுற்றிச் சிவப்பு பல்பைத் திருகிக் கழற்றினாள்.

"வேண்டுதலே பலிக்கல. பல்பு மட்டும் என்னாத்துக்கு? தின்ன முட்டையெல்லாம் கக்குடா."

"காலையில எரு கெடக்குது" என்றார் அப்பா. அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

அம்மா மறுபடி மாட்டிய பழைய பல்பு எரிந்தது. செபமாலைக்கு வந்திருந்த பெண்கள் கலைந்து போவார்கள் என்று காத்திருந்தேன். குள்ளம்மாள் அசையவில்லை.

"எங்க செவலை காலையில கெடேரிக் கன்னு போட்டிருக்குது. சாமியாரோ, சாமியாரில்லையோ, ஆரம்பிச்சத பாதியில வுடக்கூடாது லூர்து. சொல்லு."

அம்மா கோபத்தில் செபமாலையை ஆரம்பித்தாள். அவள் வேகம், வகுப்பில் சொல்லி எழுதவைக்கும் ராஜப்பன் சாருக்கு வராது. வேறு வழியில்லாமல், காதில் விழுந்ததையே எழுத ஆரம்பித்தேன். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தன் வேண்டுதலை உரக்கச் சொன்னாள். அதையும் எழுதினேன். கை தன்பாட்டில் ஓடியது.

திங்கட்கிழமை சார் நோட்டை வாங்கிப் புரட்டினார். செபமாலைப் பக்கங்களைத் தாண்டி ஓரிடத்தில் நின்றார். எழுந்து, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தார்:

"'ஆண்டவரே, மாட்டக் காப்பாத்தின மாதிரி எங்க பச்சியப்பனயும் காப்பாத்து. வந்தவ முந்தானையப் புடிச்சிக்கிட்டே திரியறான். பெத்தவளுக்கு ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. அவளுக்குக் கொழம்பு வெக்கவும் வரல, எம் மவனுக்கு அது தெரியவும் இல்ல...'"

தெருவுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். மாலை வகுப்புக்குத்தான் புதிது.

"போதும் சார்" என்றான் பச்சியப்பன்.

"ஏம்ப்பா? கோடு கண்ணாடி மாதிரி இருக்குது. இன்னும் ரெண்டு பக்கம் படிக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "சவரி, நீ பரீட்சைக்குப் போற."

தேறுவேனா என்று தெரியவில்லை. பரீட்சையில் இதே வேகத்தில், இவ்வளவு மனசோடு யாரும் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். கீழே பச்சியப்பனும் இல்லை, சைக்கிளும் இல்லை. வீடு வரை நடந்தேன். வழியெல்லாம் நிலா எனக்கு இடப்பக்கமாகவே வந்தது.