சிரட்டை தட்டினால் வருபவர்

பீவோ தலைநகர் ஹொனியாராவிலிருந்து படம் காட்டும் பெட்டி கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயக் கூடத்து ஜன்னல்களில் பாய்களைத் தொங்கவிட்டு இருட்டாக்கி ஊரே உட்கார்ந்து பார்த்தோம். பொம்மைப் படம். குகையில் வாழும் ஒற்றைக்கண் பூதத்தோடு ஒரு சிறுமி சிநேகமாகிறாள். ஊர்க்காரர்கள் கொல்ல வருகிறார்கள். கடைசி நிமிடத்தில் பூதம் தப்பிவிடுகிறது. நாங்கள் தட்டிய கைதட்டலில் கூரை ஓலை உதிர்ந்தது. தலைவர் ரிரிங்கி மூக்கைச் சிந்தினார். பெட்டி கொண்டுவந்தவன் சொந்த மகன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிந்தினார்.

ஜீமா மட்டும் கைதட்டவில்லை. "பூதம் என்ன சாப்பிடும்னு காட்டவே இல்லையே அத்தை?" என்று என் முழங்கையை இடித்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது. அவளுக்கு அந்தக் கவலை இருக்கத்தானே செய்யும்.

ஓடைமுகத்தில், கண்டல் மர வேர்களுக்குள் பெரியவர் இருந்தார். முதலை என்று அவரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. படகு நீளம் இருப்பார். ஜீமா சிரட்டையால் தண்ணீரை மூன்று தட்டு தட்டினால் வருவார். மீன் தலைகளைத் தின்றுவிட்டு முதுகைக் காட்டுவார். அவள் ஏறி உட்கார்ந்து ஓடையைக் கடந்து பள்ளிக்கூடம் போவாள். ஊரே பார்த்தது. போதகர் மட்டும் பார்க்கவில்லை என்றார், தினமும் அந்த நேரத்துக்கு அங்கேயே நின்றவர்.

ஜீமாவின் அம்மா ரோசெலின் மலைட்டாத் தீவுக்காரி, எங்கள் தீவு இல்லை. புருஷன் மரம் வெட்டும் முகாமுக்குப் போனவன் போனவன்தான். அங்கே ஒருத்தி இருக்கிறாளாம். நான் பார்த்ததில்லை, பெயர் மட்டும் தெரியும்.

படம் பார்த்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை, பீவோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "முதலை," என்றான். அதோடு நினைவு தப்பிவிட்டது. படகில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் ஊரில் பெரியவர் சும்மா கடிக்கமாட்டார். கடிபட்டவன் குற்றம் செய்திருக்க வேண்டும், இல்லை யாராவது ஏவியிருக்க வேண்டும். அரை நாள் எல்லோரும் முதலாவதைத்தான் பேசினோம். பீவோ கணக்கில் நானே நாலு குற்றம் எடுத்துக்கொடுத்தேன். பிறகு தலைவர் கூட்டம் போட்டார்.

"எம் மகன் மேல குத்தம் சொல்றவங்க எந்திரிச்சுச் சொல்லுங்க."

யாரும் எழவில்லை.

"அப்ப ஏவுனது யாரு?"

"யாரு கூப்பிட்டா வருதோ, அவதான்," என்றது ஒரு குரல். தலைவரின் மச்சான் குரல்.

ரோசெலின் கைகூப்பினாள். "பச்சப்புள்ளைங்க தலைவரே. மீன் தலை போடுறா, அவ்வளவுதான்."

"இது எங்க மண்ணு, ரோசெலின். ஒம் புருஷன் இருந்தவரைக்கும் ஒரு பேச்சு. நாளைக்குக் காலையில ஒம் மக சிரட்டை தட்டணும். இல்லன்னா சட்டி பானையோட படகுல ஏறு."

ஏறி எங்கே போவாள்? மலைட்டாவில் அண்ணன்மார் நிலத்தைப் பங்கு போட்டு முடித்து வருஷம் எட்டாகிறது.

ஜீமா கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க சொல்லுங்களேன்."

நான் பாக்குக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆறு பேர் ஈட்டியோடு வேர்களுக்குப் பின்னால் நின்றார்கள். அன்றைக்குக் கைதட்டிய அதே ஆட்கள். ஜீமா தண்ணீரைத் தடவிக் கொடுப்பதுபோலத் தட்டினாள்.

"சத்தமா," என்றார் தலைவர்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ரோசெலின் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு, சத்தமாக.

வந்தார். வழக்கம்போல மூக்கை அவள் முழங்காலில் வைத்தார். ஜீமா உள்ளங்கையால் அவர் கண்ணைப் பொத்தினாள். ஈட்டிகள் இறங்கி முடிகிறவரை கையை எடுக்கவில்லை.

வயிற்றைக் கிழித்தார்கள். கூழாங்கல், ஆமையோட்டுத் துண்டு, போன வருஷம் ஜீமா தொலைத்த பள்ளிக்கூடச் செருப்பு ஒன்று. கால் இல்லை.

"செரிச்சிருக்கும்," என்றார் தலைவர்.

"ஒரே நாள்லயா? எலும்பு கூடவா?" என்று கேட்டவன், தலைவர் திரும்பிப் பார்த்ததும் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஜீமா செருப்பை எடுத்துக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கால் அங்கே இருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கரையில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். பவளப்பாறைப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். தண்ணீர் நடுங்கியது. உலக யுத்தத்தில் விட்டுப்போன குண்டுகளிலிருந்து வெடிமருந்தெடுத்து, பாட்டிலில் அடைத்து, திரி வைத்து எறிந்து மீன் பிடிப்பது பீவோவின் தொழில். மாட்டினால் சிறை. அந்தப் பாறையில் யாரும் வெடி போடக்கூடாது என்று தடை வைத்தவரே அவன் அப்பாதான். அன்றைக்குத் திரி சீக்கிரம் எரிந்துவிட்டது போலும். வெள்ளை வயிறு காட்டி மீன்கள் கரை ஒதுங்கின. கூடை நிறையப் பொறுக்கினேன். பக்கத்தில் நின்று தலைகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டவள் ஜீமா.

இவ்வளவு பேசுகிற நான் அதை மட்டும் யாரிடமும் பேசவில்லை. தின்ற மீன் வாயை அடைத்துவிட்டது. என் வீடும் தலைவர் மண்ணில்தான் இருக்கிறது.

ரோசெலினும் ஜீமாவும் ஊரில்தான் இருக்கிறார்கள். போன வாரம் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன். ரோசெலின் இல்லை. ஜீமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தை வாங்கவில்லை.

"எப்படிப் பிடிச்ச மீனு, அத்தை?"

தூண்டில் மீன்தான். சத்தியமாகத் தூண்டில் மீன். சொன்னேன்.

"சரி அத்தை," என்றாள். கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.