பத்து நடை உளுந்து

சுப்பராமன் கிளம்பும்போதே மூன்று கட்டளைகள் போட்டுவிட்டார். வழியில் ஓட்டல் கிடையாது. ஏ.சி. கிடையாது. எல்லாம் சேர்த்துச் செலவு இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. மதுரை கே.கே. நகரில் வாடகை வீடு, குமாஸ்தா சம்பளம். மகள் ஸ்ரீஜாவின் கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் போன வாரம்தான் பணம் கட்டியிருந்தார். இருந்தாலும் நான்கு கோடையாகத் தள்ளிப்போட்ட சின்னச் சுருளி அருவியை இன்றைக்காவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும். ஜூன் வந்தால் அவள் கோயம்புத்தூர் போய்விடுவாள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று எழுமலை வழியாகக் குறுக்கே போனார்கள். ஜன்னலில் அனல் அடித்தது.

"ஏன்னா, கார்ல ஏ.சி. எதுக்கு வச்சிருக்கான்? பூஜை பண்றதுக்கா?" என்றாள் ஸ்யாமளா.

"மைலேஜ் குறையும்டி."

"நானுந்தான் உருகிக் குறைஞ்சுண்டிருக்கேன்."

எழுமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுப்பராமன் சட்டென்று பிரேக் போட்டார். சாலையின் அகலம் முழுக்கக் காய்ந்த உளுந்துச் செடி பரப்பியிருந்தது. இலையில் சிந்திய பருக்கையைக் கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர் அவர். உளுந்தின் மேல் சக்கரத்தை ஏற்ற மனம் வரவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து ஓரத்து மண்ணில் இறக்கினார்.

அது குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மண். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பொதக்கென்று உள்ளே போயின. பின்னால் எடுத்தால் இன்னும் ஆழமாக இறங்கின. போன் போட்டுக் கேட்டதில், வண்டி இழுக்க உசிலம்பட்டியிலிருந்து வர மூவாயிரத்து ஐந்நூறு என்றார்கள். அதைக் கொடுத்தால் பயணம் இத்தோடு முடிந்தது.

"பரவாயில்லப்பா. வீட்டுக்கே போயிடலாம்," என்றாள் ஸ்ரீஜா.

அவள் முகம் வாடாமல் அப்படிச் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிள்ளையாரே என்று உள்ளுக்குள் கூப்பிட்டார்.

புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த ஆறேழு பேர் எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒச்சாயி. உளுந்து அவளுடையது.

"ஏஞ்சாமி, இம்புட்டு அகலத்துக்கு ரோடு கெடக்கு, பள்ளத்துல எதுக்கு எறங்குனீக?"

"சாப்பிடற பொருளாச்சேம்மா. அதுமேல எப்படி வண்டியை ஏத்தறது?"

ஒச்சாயி சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவியது. "ஆத்தி! வண்டி ஏறட்டும்னுதானய்யா காலையிலருந்து காத்துக் கெடக்கோம். ரெண்டே ரெண்டு பஸ்ஸுதான் போயிருக்கு. சக்கரம் ஏறுனாத்தானே நெத்து வெடிச்சு உளுந்து உதிரும்!"

"சும்மா இரு புள்ள. நல்ல மனசுலதான செஞ்சிருக்காரு," என்று அதட்டினார் அவள் புருஷன் நல்லகாமன். "ஏப்பா காளை, அந்தப் பலகைய எடுத்துட்டு வா."

சக்கரத்தடியில் பலகை போட்டு, எல்லாரும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். மூன்றாவது தம்மில் கார் சாலைக்கு வந்துவிட்டது.

சுப்பராமன் சட்டைப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். நல்லகாமன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காசெல்லாம் வேணாம்ணே. அங்கிட்டுப் பாருங்க, மழை கட்டுது. நனைஞ்சா அம்புட்டும் வீணாப் போயிரும். முடிஞ்சா இதுமேல ஒரு பத்து நடை போய்ட்டு வாங்க."

பத்து நடை! சுப்பராமன் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். மேற்கு மலையின் மேல் கறுத்து நின்ற மேகத்தையும் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, உதிர்ந்த உளுந்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கோ தாயே," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

முதல் நடை மாட்டுவண்டி வேகத்தில் போனது. சக்கரத்தடியில் நெற்றுகள் படபடவென்று வெடித்தன. ஒவ்வொரு நடைக்கும் ஒச்சாயியும் மற்றவர்களும் செடிகளைப் புரட்டிப் போட்டார்கள். ஸ்ரீஜா பின்ஸீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து எண்ணினாள். நான்காவது நடையில் தூசியும் தொலியும் உள்ளே பறந்து வந்து அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. சுப்பராமன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாரும் கேட்காமலே ஏ.சி.யைப் போட்டார். ஸ்யாமளா சிரிப்பை மறைக்க வெளியே பார்த்துக்கொண்டாள்.

பத்து முடிந்ததும் நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும்ணே. மழைக்கு முந்தி போற எடத்துக்குப் போய்ச் சேருங்க."

"அந்தக் கோடியில இன்னும் வெடிக்கல போலிருக்கே," என்று சுப்பராமன் வண்டியைத் திருப்பினார்.

பன்னிரண்டாவது நடையும் முடிந்து, கார் மலையைப் பார்த்துக் கிளம்பியது. தூசி எப்போதோ அடங்கியிருந்தது.

"அப்பா, ஏ.சி.ய அணைச்சிடலாமா?"

"இருக்கட்டும்மா," என்றார் சுப்பராமன்.