பூட்டிய வீட்டில் எழுதிய ஆட்டம்

யோகேஸ்வரி மலேசியாவின் கூலிமில் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. பள்ளியின் பித்தளை வாத்தியக் குழு போட்டியில் வாசிக்க, துள்ளலான ஆட்ட இசை ஒன்றைச் சொந்தமாக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

எழுத உட்கார்ந்தால் வீடு விடாது. மாமனார் இருளப்பனுக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் பழைய தோட்ட நினைவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதாகப் பெரிய சாலைக்கே நடந்துவிடுவார். கணவன் புவனேசனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவள் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவன் கிளம்பிவிடுவான். பிறகு கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் உள்ளே.

"தொறம்மா, வெட்டுக்கு நேரமாச்சு," என்று அவர் கிரில்லை உலுக்குவார்.

"இருங்க மாமா, சாப்பிட்டுப் போகலாம்."

மறுபடி கீபோர்டுக்கு வருவாள். விட்ட இடம் நினைவிருக்காது. எழுந்து போனால் திரும்பப் பிடிக்க முடியாது என்ற பயத்தில் ஒரே மூச்சாக எழுதித் தள்ளினாள்.

ஒத்திகையில் சக ஆசிரியை பிரேமாவதி கையைத் தூக்கி நிறுத்தினாள். "டீச்சர், புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது. ட்ரம்பெட்டுக்கு ஒரு எடத்துலகூட ஓய்வில்லையே!"

உண்மைதான். பிள்ளைகளின் முகம் சிவந்திருந்தது. யோகேஸ்வரிக்கு வெட்கமாகிவிட்டது. மெட்டைப் பிரித்துப் பாதியை ட்ராம்போனுக்குக் கொடுத்தாள். ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு எடுத்துக்கொண்டனர். அடுத்த ஒத்திகையில் பிள்ளைகளின் கால்கள் தாமாகத் தாளம் போட்டன.

போட்டியன்று லீவு எடுப்பதாகச் சொல்லியிருந்த புவனேசன் காலையில் தொழிற்சாலையிலிருந்தே போன் செய்தான். "ஓவர்டைம் போட்டுட்டாங்க. முடியாது லா."

வேறு வழியில்லாமல் மாமனாரையும் அழைத்துப் போய், பிரேமாவதி பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மேடையில் அவள்தான் கையசைத்துக் குழுவை நடத்தினாள். பாதி இசையில் மண்டபத்தின் பக்கக் கதவு திறக்கும் வெளிச்சம் தெரிந்தது. பிரேமாவதியின் கையை உதறிவிட்டு மாமனார் வெளியேறிக்கொண்டிருந்தார். வெளியே பெரிய சாலை. யோகேஸ்வரியின் கை இரண்டு தாளம் தயங்கியது. பிள்ளைகளைப் பார்த்து, "நிறுத்தாதீங்க" என்று உதடசைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினாள்.

கார் நிறுத்துமிடத்தில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. உள்ளே வர அவர் மறுத்துவிட்டார். அவர் கையை விட அவளால் முடியவில்லை. சுவருக்கு அப்பால் அவள் எழுதிய ஆட்டம் அவளில்லாமலே முடிந்தது, கைதட்டல் கேட்டது.

"யாரு வீட்டுக் கல்யாணம்மா?" என்றார் அவர்.

"தெரிஞ்சவங்க வீடுதான் மாமா," என்றாள்.

"நல்லா ஊதுறானுங்க," என்றார்.