பச்சையும் ஆரஞ்சும்

மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போகும் வழியில், மேடு ஏறும்போது பாஞ்சாலியின் பிக்கப்பில் வெப்ப முள் சட்டென்று சிவப்பைத் தொட்டது. அவள் அந்த நிமிடமே வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சென்னப்பன் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனை அவள் இழுத்து நிறுத்தினாள்.

"ஆறட்டும். இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த டெம்போக்காரரைக் கெஞ்சி, தக்காளி கிரேட்டுகளை அதில் மாற்றி அனுப்பிவிட்டு, இன்னொரு வண்டியில் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பாலக்கோட்டில் இருந்த வெங்கடாசலத்தின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். போன வாரம் ரேடியேட்டரில் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருக்கிறது என்று ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

அன்றைக்கே அவள் கேட்டிருந்தாள். "உள்ள ஆரஞ்சு கலர்ல இருக்குதுங்க. நீங்க பச்சை ஊத்தறீங்களே?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. கலரு சும்மா பாக்கறதுக்கு" என்று சொல்லி, அவள் மேலே பேசுவதற்குள் ஊற்றி முடித்திருந்தார்.

இன்றைக்கு அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சென்னப்பனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"மேட்டுல கியர மாத்தாம இழுத்துட்டு வந்திருப்பாங்க. பொம்பளைங்க கையில குடுத்தா டீசல் வண்டி சூடாகத்தாங்க செய்யும்."

சென்னப்பன் சிரித்தான். பெரிய சிரிப்பில்லை, பேச்சுக்கு ஒத்துப்போகிற சிரிப்பு. பாஞ்சாலிக்கு அது காதில் சுட்டது. இந்த வண்டியை வாங்கியவள் அவள், ஓட்டுகிறவள் அவள். சென்னப்பனுக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது.

"ரேடியேட்டரக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் வெங்கடாசலத்திடம்.

"என்னத்தப் பாக்கறது? ஓட்டறதுலதான்..."

"கழட்டுங்கன்னு சொன்னேன்."

பட்டறையில் பஞ்சர் போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் கலைவாணன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கீழே ஒரு தட்டை வைத்து வடிகுழாயைத் திறந்தான். பச்சையும் வரவில்லை, ஆரஞ்சும் வரவில்லை. சேறு மாதிரி பழுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டியது. குழாய்க்குள் குச்சி விட்டு இழுத்தபோது கெட்டிக் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"பழைய வண்டின்னா இப்படித்தான்" என்றார் வெங்கடாசலம், அப்போதும் சென்னப்பனிடம்.

பாஞ்சாலி பட்டறையை ஒட்டிய கடைக்குள் போய் அலமாரியிலிருந்த பச்சை கூலன்ட் கேனை எடுத்து வந்தாள். பின்பக்கத்தைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"வேற ரகத்தோட கலக்கக்கூடாதுன்னு இதுலயே போட்டிருக்குது. விக்கறவரு நீங்க. ஒரு தடவையாவது படிச்சீங்களா? நான் கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

கலைவாணன் குனிந்தபடியே சொன்னான்: "இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல, இவங்க உடனே நிறுத்திட்டாங்க முதலாளி. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா இஞ்சின் ஹெட்டே வளைஞ்சிருக்கும்."

முழுக்கக் கழுவி, வண்டிக் கம்பெனி சொன்ன ஆரஞ்சு ரகத்தையே ஊற்றும்வரை பாஞ்சாலி பக்கத்திலேயே நின்றாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கூலி எதுவும் கேட்காமல் சாவியை எடுத்த வெங்கடாசலம், அதைச் சென்னப்பனிடம் நீட்டினார்.

"இனிமே பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அவள் நடுவில் கை விட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். "வண்டி என்னுதுங்க. சொல்றதை எங்கிட்டச் சொல்லுங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா வுடுங்க."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அவளும் காத்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் முள் நடுவிலேயே நின்றது. வெகுதூரம் வந்தபிறகு சென்னப்பன், "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

"சிரிச்சதகூட வுட்டுடலாம்" என்றாள் பாஞ்சாலி, சாலையைப் பார்த்தபடி. "மேட்டுல நான் நிறுத்தினத பக்கத்துல உக்காந்து பாத்தீங்க. அத அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் நடுவில் நின்ற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கியரை மாற்றி அடுத்த மேட்டில் ஏறினாள்.